காலையா, மாலையா?



ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் தம் மனைவியுடன் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தோல் பதனிடும் தொழிற்சாலையில் 30 வருஷம் உழைத்தவர். இரத்த அழுத்தம் இருந்தது, காலிலும் வீக்கம். டாக்டரம்மா பரிசோதித்து, உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் அதை வாங்கிக்கொண்டு இருவரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் முகம் மிகவும் வாடியிருந்தது.

“ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போறாரு டாக்டரம்மா. கண்ணை மூடவே முடியல. அவரும் தூங்கல, நானும் தூங்கல” என்றார் மனைவி.

“மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாராம்மா?”

“சாப்பிடறாரு. நான்தான் கையில எடுத்துக் குடுக்கறேன். சாயங்காலம் ஒண்ணு.”

“சாயங்காலமா? காலையிலன்னு இல்ல சொல்லி அனுப்பினோம்?”

பெரியவர் சற்றுக் கோபமாகவே பேசினார். “மாலைன்னுதான் சொன்னாங்க. என் காதால கேட்டேன்.”

மருந்து ஜன்னலில் அன்று இருந்த சகோதரியை விசாரித்தோம். “காலை” என்றுதான் சொல்லியிருக்கிறார். அதுவும் ஒருமுறை அல்ல, குரலை உயர்த்தி இரண்டு முறை. உறையின்மேல் எழுதியும் கொடுத்திருக்கிறார். பெரியவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. மனைவியோ பைகளை வைத்துக்கொண்டு தூரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இந்த முறை தூக்கம் மட்டும்தான் கெட்டது. மாத்திரையை மாற்றிக் கொடுத்ததும் சரியாயிற்று. ஆனால் அதே ஜன்னலில் சர்க்கரை நோய்க்கும், இருதயத்துக்கும், வலிப்புக்கும் மருந்து கொடுக்கிறோம். ஒரு எழுத்து தவறிக் கேட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தோம். சத்தமாகச் சொல்லியும் ஏன் கேட்கவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடியதில் நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

உயிரும் மெய்யும்

பேச்சில் இரண்டு வகை ஒலிகள் உண்டு. ஆ, ஐ, ஓ போன்ற உயிரொலிகள் பலமானவை, சற்று நீண்டு ஒலிப்பவை. க், ச், த், ப் போன்ற மெய்யொலிகள் மெலிந்தவை. கண் இமைக்கும் நேரத்துக்குள் வந்து மறைந்துவிடும். பேச்சுக்குச் சத்தத்தைத் தருவது உயிர் என்றால், பொருளைத் தருவது பெரும்பாலும் மெய்தான்.

“காலை” என்ற சொல்லில் அந்தச் சிறு “க்” மூழ்கிப்போனால் காதில் மிஞ்சுவது “ஆலை” மட்டும். முதலெழுத்தை மனம் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. “மாலை” என்று நிரப்பிக்கொண்டவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவர் அப்படித்தான் கேட்டார். “பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்றுதான் புரியவில்லை” என்று முதியவர்கள் சொல்வதும் இதனால்தான்.

அந்த “க்” எங்கே தொலைந்தது என்று தேடினால் மூன்று இடங்கள் தென்படுகின்றன: அவருடைய காது, எங்கள் கூடம், வெளியே உள்ள தெரு.

முதலாவது: உழைத்த காது

வேலூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குப் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்ற பெயர்களைக் கேட்டாலே தோல் தொழில் நினைவுக்கு வரும். கிழக்கே மேல்விஷாரமும் ராணிப்பேட்டையும் அப்படியே. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் தொழில் ஒன்றுதான். இந்த ஊர்களின் தோல் கழிவுநீரைப் பற்றி நாடெங்கும் பேசியாயிற்று. பாலாற்றின் கதையை அறியாதவர் இல்லை. சத்தத்தைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசியதில்லை. சத்தம் கறை விடாது, நாற்றம் அடிக்காது. இயந்திரத்தை நிறுத்தியதும் சுவடே இல்லாமல் மறைந்துவிடும். காதுக்குள் மட்டும் அதன் சுவடு தங்கிவிடுகிறது.

தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய மர டிரம்கள் நாள் முழுவதும் உருண்டுகொண்டிருக்கும். சதை நீக்கும் இயந்திரத்திலும், தோலைச் சீவி மெலிதாக்கும் ஷேவிங் இயந்திரத்திலும் கத்தி பூட்டிய உருளைகள் வேகமாகச் சுழலும். காலணித் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரங்கள் வரிசை வரிசையாக ஓடும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் நம் சகோதரிகள்.

ஒலியின் அளவை டெசிபல் என்கிறோம். அமைதியான இரவில் ஏறக்குறைய 30. இருவர் சாதாரணமாகப் பேசினால் 60. இந்த அளவு படிப்படியாகக் கூடுவதல்ல, பெருகுவது. 10 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. 3 டெசிபல் ஏறினாலே ஆற்றல் இரு மடங்கு. எனவே 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றால், 88-இல் 4 மணி நேரமும் 91-இல் 2 மணி நேரமும்தான் இருக்கலாம். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் கணக்கு இது. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளோ நெடுங்காலம் 90 டெசிபலை 8 மணி நேரத்துக்கு எல்லையாக வைத்திருந்தன.

அளக்கும் கருவி இல்லாதவர்களுக்கும் ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், அந்த இடம் காதுக்கு ஆகாத இடம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

உள்காதில் நத்தைக் கூடு போன்ற ஒரு உறுப்பு இருக்கிறது. அதனுள் ஏறக்குறைய 15,000 நுண்ணிய உயிரணுக்கள், உரோமம் போன்ற நுனிகளோடு வரிசையாக நிற்கின்றன. ஒலி வரும்போது அவை அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. இளம் நெற்பயிரின்மேல் ஒருவர் நடந்துபோனால் பயிர் சாய்ந்து மறுபடி நிமிரும். நாள்தோறும் ஆயிரம் பேர் நடந்தால் நிமிராது. அப்படித்தான் இதுவும். தோல் உரிந்தால் மறுபடி வளர்கிறது, எலும்பு முறிந்தால் கூடுகிறது. மனிதக் காதின் இந்த உயிரணுக்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. மாத்திரையோ அறுவைச் சிகிச்சையோ அவற்றைத் திருப்பித் தர முடியாது. வருமுன் காப்பது ஒன்றே வழி.

இந்தச் சேதம் முதலில் தொடுவது உச்ச ஒலிகளை. பரிசோதனைத் தாளில் 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும். மெல்லிய மெய்யொலிகள் பலவற்றுக்கு உயிர் தருவது இந்த உச்சப் பகுதிதான். ஆகவே கதவு தட்டினால் கேட்கிறது, லாரி வந்தால் கேட்கிறது, பேத்தி பேசினால் மட்டும் புரிவதில்லை. வீட்டில் “இவர் வேண்டும் என்றே கவனிப்பதில்லை” என்று பேர் வாங்குகிறார். இது மெல்ல மெல்ல வருவதால் அவருக்கே தெரிவதில்லை. எங்கள் பெரியவருக்கும் கேட்புப் பரிசோதனை செய்தபோது அதே இடத்தில் அதே பள்ளம் விழுந்திருந்தது.

இரண்டாவது: எங்கள் கூடம்

காதின் மேல் பழி போட்டு நாங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. அதே பெரியவரிடம் டாக்டரம்மா தம் சிறிய அறையில் பேசியபோது அவர் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். வெளிநோயாளர் கூடத்தில்தான் தவறு நடந்தது.

இதற்கு விளக்கம் தேடினால் 1895-ஆம் வருடத்துக்குப் போகவேண்டும். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய விரிவுரைக் கூடம் கட்டினார்கள். பார்க்க அழகாயிருந்தது, ஆனால் ஆசிரியர் பேசுவது மாணவர்களுக்கு விளங்கவில்லை. சொன்ன சொல் ஐந்து விநாடிக்கு மேல் சுவருக்குச் சுவர் மோதிச் சுற்றிக்கொண்டிருந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் இதைச் சரிசெய்யும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஊர் அடங்கிய நடுராத்திரியில் அவர் வேலை செய்தார். பக்கத்து அரங்கின் இருக்கைகளிலிருந்து பஞ்சு மெத்தைகளைத் தூக்கி வந்து பரப்பி, ஒரு குழலை ஊதி, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைப் பழைய இடத்தில் வைத்துவிட வேண்டும். இப்படிப் பல இரவுகள் அளந்து அவர் கண்ட கணக்கைத்தான் உலகமெங்கும் கட்டடக் கலைஞர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

கணக்கு கடினமல்ல. சபைன் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பி வராது. எனவே ஒவ்வொரு பொருளும் எத்தனை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமமாக ஒலியை விழுங்குகிறது என்று கணக்கிடலாம். அறையின் கொள்ளளவை 0.16-ஆல் பெருக்கி, விழுங்கும் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்கும் நேரம் விநாடியில் கிடைக்கும்.

நமக்குப் பழக்கமான ஒரு சிற்றாலயத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 20 மீட்டர், அகலம் 8, உயரம் 5. கொள்ளளவு 800 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 600 சதுர மீட்டர். பூசிய சுவரும் சிமெண்டுத் தரையும் தம்மேல் படும் ஒலியில் 100-இல் 3 பங்கைத்தான் விழுங்கும். அதாவது 18 சதுர மீட்டர் ஜன்னலுக்குச் சமம். கணக்குப் போட்டால், ஆள் இல்லாத ஆலயத்தில் ஒலி அடங்க ஏறக்குறைய 7 விநாடி ஆகும். இப்போது 100 பேர் வந்து உட்காருகிறார்கள். ஒருவர் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஜன்னலுக்குச் சமம். உடனே அது 2 விநாடியாகக் குறைகிறது. ஒன்றரைச் சதுர மீட்டர் அளவுள்ள 12 ஜன்னல்களையும் திறந்துவிட்டால் ஒன்றரை விநாடிக்கு வந்துவிடும். சபை நிறைந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் தெளிவாகக் கேட்பதும், ஐந்து பேர் வரும் வாரநாள் ஜெபத்தில் அதே ஆயரின் குரல் குழம்புவதும் இதனால்தான்.

பாட்டுக்கு இரண்டு விநாடி எதிரொலி நல்லது. குரல்கள் ஒன்றோடொன்று கலந்து இனிமை கூடும். பேச்சுக்கு ஒரு விநாடிக்கு மேல் போனாலே தொல்லை. ஒருவர் ஒரு விநாடியில் நான்கைந்து அசைகள் பேசுகிறார். முந்தின அசைகளின் பலமான உயிரொலி அடங்காமல் நிற்க, அடுத்து வரும் மெலிந்த மெய் அதனடியில் மூழ்கிவிடுகிறது.

எங்கள் வெளிநோயாளர் கூடமும் இப்படிப்பட்டதுதான். நாள்தோறும் கழுவித் துடைக்க வசதியாகத் தரையெல்லாம் ஓடு. சுவரில் ஆள் உயரத்துக்கு ஓடு. ஜன்னலுக்குக் கண்ணாடி. கிருமி தங்கக்கூடாது என்பதற்காகச் செய்ததே சத்தம் தங்கும் இடமாகிவிட்டது. நூறு பேர் பேச, குழந்தைகள் அழ, பெயர் கூப்பிட, தள்ளுவண்டி உருள, எல்லாம் அடங்காமல் சுற்றுகிறது. சத்தம் கூடக்கூட ஒவ்வொருவரும் தம் குரலை உயர்த்துகிறார்கள். குரல் உயர உயரச் சத்தம் மேலும் கூடுகிறது.

இங்கேதான் எங்கள் சகோதரியின் உழைப்பு வீணானது. எதிரொலிக்கும் அறையில் குரலை உயர்த்தினால் எதிரொலியும் சேர்ந்தே உயர்கிறது. சொல்லுக்கும் குழப்பத்துக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. கத்தும்போது நீளுவதும் உயிரொலிதான், மெய்யொலி அல்ல. அவர் ஓங்கிச் சொல்லச் சொல்ல “ஆலை” பெரிதாயிற்று. “க்” இருந்த இடத்திலேயே இருந்தது.

மூன்றாவது: வெளியே உள்ள தெரு

வேலூரில் ஆஸ்பத்திரி வாசல்களில் ஆட்டோவும் பஸ்ஸும் ஆம்புலன்ஸும் நெருக்கியடிப்பதை வந்து பார்த்தவர்கள் அறிவார்கள். அருகில் அடிக்கும் லாரி ஹாரன் 100 டெசிபலைத் தாண்டும். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு, ஹாரன் அடங்கக் காத்திருப்பது அன்றாடக் காட்சி. 1816-இல் பாரிஸ் நகரில் லென்னெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கி ஒரு பெண்ணின் இருதயத்தைக் கேட்ட நாள் முதல், மருத்துவம் காதை நம்பித்தான் இருக்கிறது.

வார்டில் படுத்திருப்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 1999-இல் பரிந்துரைத்த இரவு அளவு 30 டெசிபல். குறைமாதக் குழந்தைகள் இருக்கும் அறையில் 45-ஐத் தாண்டக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1997-இல் எச்சரித்தது. நம் நாட்டில் 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40 டெசிபல்தான் எல்லை. ஹாரன் அடிக்கவோ ஒலிபெருக்கி வைக்கவோ கூடாது. 2005-இல் உச்ச நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கிக்கு இடமில்லை என்பதை உறுதிப்படுத்தியது.

இதில் நம்மையும் தொடும் ஒரு வழக்கு உண்டு. சென்னை கே.கே.ஆர். நகரில் ஒரு சபையின் ஒலிபெருக்கியையும் மேளத்தையும் குறித்து அப்பகுதியில் குடியிருப்போர் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. சர்ச் ஆஃப் காட் (ஃபுல் காஸ்பல்) என்ற அந்தச் சபை, தெருவில் ஓடும் வண்டிகளின் சத்தமே பெரிது, தன் வழிபாட்டுச் சுதந்திரத்தில் கைவைக்கக்கூடாது என்று வாதாடியது. 2000 ஆகஸ்ட் 30-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிறர் அமைதியைக் குலைத்து, ஒலிபெருக்கி வைத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் போதிக்கவில்லை என்பது அதன் சாரம். முதியோர், நோயாளிகள், கைக்குழந்தைகள், படிக்கும் பிள்ளைகள் ஆகியோரின் உரிமையையும் நீதிபதிகள் நினைவூட்டினார்கள். எல்லா மதத்தாருக்கும் பொருந்தும் இத்தீர்ப்பு, ஒரு கிறிஸ்தவ சபையின் வழக்கில் பிறந்தது என்பதை நாம் தாழ்மையோடு நினைவில் வைப்பது நல்லது.

செய்யக்கூடியவை

பெரும் செலவில்லாமலே பல காரியங்கள் முடியும் என்று கண்டோம். மருந்து கொடுக்கும் இடத்தைக் கூடத்தின் நடுவிலிருந்து ஒரு மூலைக்கு மாற்றினோம். இருபுறமும் துணி போர்த்திய அறிவிப்புப் பலகைகளை நிறுத்தினோம். கதவின் கீழ்ச் சந்தை அடைத்தோம். சுவரின் பரப்பில் 100-இல் ஒரு பங்கு திறப்பு இருந்தாலே, அந்தச் சுவர் எவ்வளவு தடிப்பாயிருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. தெருவோரம் ஒரு வரிசை வேம்பு நட்டால் சத்தம் நிற்கும் என்று நினைத்திருந்தோம். மரம் நிழல் தரும், ஆனால் சத்தத்தை அதிகம் தடுக்காது. தெரு கண்ணுக்குத் தெரியாதபடி எழுப்பிய சந்தில்லாத மதில்தான் தடுக்கும்.

மருந்து உறையில் இப்போது காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரைகிறோம். ஒவ்வொருவரையும் “எப்போ சாப்பிடணும், சொல்லுங்க” என்று கேட்டு, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்கிறோம். நர்சுகளும் ஒன்று கற்றுக்கொண்டார்கள். தேவையற்ற சத்தத்தை நோயாளிக்கு இழைக்கும் கொடுமையாகவே கருதிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், வார்டு வாசலில் நின்று குசுகுசுப்பதையும் அதே கண்டிப்போடு கண்டித்தார். அரைகுறையாகக் கேட்கும் பேச்சுக்கு நோயாளி தன் முழுப் பலத்தையும் செலவிடுகிறார். பேசுவதானால் அருகில் போய்த் தெளிவாகப் பேசவேண்டும்.

உங்கள் ஆலயத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். ஆள் இல்லாத நேரத்தில் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டி, ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். பின்சுவரில் கனமான திரைச்சீலை, பெஞ்சுகளில் மெத்தை, திறந்த ஜன்னல் எல்லாம் உதவும். ஒரே பெரிய ஒலிபெருக்கியை முன்னால் வைத்து அலறவிடுவதைவிட, சிறியவை சிலவற்றை மக்களுக்கு அருகில், சுவரை நோக்காமல் அவர்களை நோக்கி, குறைந்த சத்தத்தில் வைப்பது நலம். கூம்பு வடிவ ஒலிபெருக்கி ஆலயக் கோபுரத்தில் இன்னும் இருந்தால், பக்கத்து வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை விசாரியுங்கள்.

தொழிற்சாலை வைத்திருப்பவர்களும் மேற்பார்வையாளர்களும் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காதில் பஞ்சு வைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். சாதாரணப் பஞ்சு மிகக் குறைவாகவே தடுக்கும். அழுத்திச் செருகும் ஃபோம் அடைப்பானோ காதை மூடும் கவசமோ வேண்டும். தேய்ந்த பேரிங்கை மாற்றுவதும், இயந்திரத்தின் அடியில் ரப்பர் வைப்பதும், சத்தமான இயந்திரத்தைத் தனி அறையில் வைப்பதும் அதைவிட நல்லது. வருஷத்துக்கு ஒருமுறை கேட்புப் பரிசோதனை செய்தால் சேதத்தை ஆரம்பத்திலேயே கண்டுகொள்ளலாம்.

வீட்டில் காது மந்தமானவர் இருந்தால் பின்னாலிருந்து கூப்பிட்டுக் கத்தாதீர்கள். டிவியை நிறுத்திவிட்டு, வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி எதிரில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். ஒரு சொல் புரியவில்லை என்றால் அதையே திரும்பக் கத்தாமல் வேறு சொல்லால் சொல்லுங்கள். “காலை” விளங்காவிட்டால் “விடிஞ்சதும், பலகாரம் சாப்பிட்ட பிறகு” என்று சொல்லலாமே.

அந்தப் பெரியவர் போன மாதம் மறுபடி வந்திருந்தார். காதுக் கருவி வைத்திருக்கிறார். பழைய காது அதனால் திரும்பவில்லை, ஓரளவுக்கு உதவுகிறது. கால் வீக்கம் வடிந்திருக்கிறது, இரவில் தூங்குகிறார். மருந்து உறையை நீட்டியபோது சூரியன் படத்தின்மேல் விரல் வைத்து, “காலையில ஒண்ணு” என்று அவரே முதலில் சொன்னார். பக்கத்தில் நின்ற மனைவி சிரித்துக்கொண்டே, “இப்பல்லாம் நான் சொல்றதும் கொஞ்சம் கேக்குது” என்றார்.

அவருடைய மகன் அதே தோல் தொழிற்சாலையில் ஷேவிங் இயந்திரத்தில் வேலை செய்கிறான். அடுத்த முறை அவனையும் அழைத்து வரும்படி சொல்லி அனுப்பியிருக்கிறோம்.